மாப்பிள்ளை பெயர் கேசியோ!

எங்கள் ஆபீஸுக்குக் கல்யாணப் பத்திரிகை வருவது புதிதல்ல. தை பிறந்தால் போதும், வரிசை கட்டி வரும். சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்குகிற நேரம். தஞ்சாவூர் ஜில்லாவில் கல்யாணம், காதுகுத்து, கடன் அடைப்பு எல்லாமே அப்போதுதான். 1995 தை மாதத்தில் எங்கள் செக்‌ஷனுக்கு மட்டும் தினம் இரண்டு மூன்று வந்துகொண்டிருந்தன. ஆனால் டியூ கட்டி வாங்கிய பத்திரிகை அது ஒன்றுதான்.

"சார், நாலு ரூபா குடுங்க" என்றார் போஸ்ட்மேன்.

"எதுக்கு?"

"புக் போஸ்ட்ல போட்ருக்கான். வெயிட்டு தாண்டிப் போச்சு. ஸ்டாம்ப் பத்தல. ரெட்டிப்பு சார்ஜு."

கவர் 'செயலாளர், மனமகிழ் மன்றம்' என்ற விலாசத்துக்கு வந்திருந்தது. அந்தச் செயலாளர் அடியேன்தான். கேரம் போர்டுக்குப் பவுடர் வாங்குவது, வருஷத்துக்கு ஒரு முறை ஆண்டு விழா நடத்தித் திட்டு வாங்குவது, இவைதான் என் அதிகாரங்கள். நாலு ரூபாயை என் பையிலிருந்தே கொடுத்தேன்.

"பாத்தியா, பத்திரிகையிலயே மொய் வாங்கிட்டான்!" என்றார் ஹெட் கிளார்க்.

நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய அழகான பத்திரிகை. மேலே பிள்ளையார் சுழி. "நிகழும் மங்களகரமான பவ வருஷம் பங்குனி மாதம்..." என்று முறையாக ஆரம்பித்து, பெரியோர்கள் நிச்சயித்தபடி என்றெல்லாம் போய், நடுவில் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது. மணமகன்: சிரஞ்சீவி கேசியோ (ஜப்பான்). மணமகள்: சௌபாக்கியவதி ரிதம் பாக்ஸ் (வாடகை). முகூர்த்தம் நடக்கும் இடம்: அம்மாபேட்டை பக்கத்து ஒரு கிராமத்துக் கோயில் வாசல், இரவு 9 மணி. கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று நாலு பையன்களின் பெயர். அதற்கும் கீழே பொடி எழுத்தில், 'மொய் அன்புடன் ஏற்றுக்கொள்ளப்படும். பாட்டைக் கேட்டுவிட்டு ஒரு போஸ்ட் கார்டு எழுதிப் போடவும். அதுவே மொய்.'

பக்கத்து சீட்டுக்காரர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "கேசியோன்னா அவங்க என்ன ஆளுங்க? மலையாளமா?" என்று கேட்டார். சத்தியமாகக் கேட்டார்.

பத்திரிகைக்குப் பின்னால் அட்டையை மடித்து ஒரு சின்னப் பை மாதிரி ஒட்டியிருந்தார்கள். வெற்றிலை பாக்கு வைக்கிற இடத்தில் ஒரு கேசட்!

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு மன்றத்து டேப் ரிக்கார்டரில் போட்டோம். அது பழைய கேசட். உடைத்து எடுத்த மூலையில் காகிதத்தைத் திணித்து செலோடேப் ஒட்டி, அதன் மேலேயே பதிவு செய்திருந்தார்கள். (ரிக்கார்டிங் சென்டருக்குப் பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டு நாலு நாள் கழித்துப் போய் வாங்கி வந்த தலைமுறைக்கு இந்தக் காகித வித்தையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் வீட்டில் சித்தப்பாவைக் கேட்கவும்.)

நாலே நாலு பாட்டு. நாலும் சொந்தப் பாட்டு. சினிமாவே கிடையாது!

முதல் பாட்டு மல்லாரி மாதிரி ஆரம்பித்தது. சாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் வாசிப்பார்களே, அந்த கம்பீர நாட்டை. ஆனால் நாகஸ்வரத்துக்குப் பதிலாக, மூக்கு அடைத்துக்கொண்ட மாதிரி கீபோர்டு சத்தம். அடியில் ரிதம் பாக்ஸ் 'டிக் டிக்' என்று கடிகாரம் மாதிரி ஓட, அதன் மேல் ஒரு அடி. தவில் அடிதான், ஆனால் தவில் இல்லை. மேலே போகும்போது சுண்டைக்காய் மாதிரி சின்னதாகவும், கீழே வரும்போது நெல் மூட்டையை வண்டியிலிருந்து உருட்டித் தள்ளின மாதிரியும் கேட்டது. பாட்டின் விஷயமும் காதல் இல்லை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் சாலியமங்கலத்திலிருந்து நடந்து வீட்டுக்குப் போவது!

சாம்பார் சாதத்தில் கை அப்படியே நின்றது எனக்கு.

நாலாவது பாட்டு முடிந்ததும் ஒரு 'கடக்'. உடனே, "யாரங்கே!" என்று கணீரென்று ஒரு குரல். ஹெட் கிளார்க்கே பாதி எழுந்துவிட்டார். அடியில் ஏற்கெனவே இருந்த 'திருவிளையாடல்' கதை வசனம்! அழித்தது போக மிச்சம். பிற்பாடு தெரிந்தது, பையன்கள் ஊரில் வீடு வீடாகப் போய்ப் பழைய கேசட் கேட்டு வாங்கி, மொத்தம் 40 பதிவு செய்து தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். கோயில் விழாக் கமிட்டிகள், மைக் செட்காரர்கள், காலேஜ் ஹாஸ்டல்கள், எங்களை மாதிரி மனமகிழாத மன்றங்கள் என்று எல்லோருக்கும். ஒவ்வொருவருக்கும் மிச்சம் வேறு வேறு. யாருக்கோ கிருபானந்த வாரியார் கிடைத்திருக்கிறார்.

தபாலை நம்பிக் களத்தில் இறங்கிய இந்த மாதிரிப் பிறவிகள் உலகத்தில் நிறையப் பேர் என்பது எனக்கு வெகுநாள் கழித்துப் படித்துத்தான் தெரியும். அவர்களில் பெரியப்பா என்று சொல்லத் தக்கவர் லண்டனில் டேனியல் மில்லர். சினிமா எடிட்டிங் வேலையில் இருந்தவர். செகண்ட் ஹேண்டில் ஒரு கோர்க் சிந்தசைஸரும் ஒரு நாலு டிராக் டேப் மெஷினும் வாங்கி, வீட்டிலேயே உட்கார்ந்து இரண்டு பாட்டு பதிவு செய்தார். 1978-ல் 'தி நார்மல்' என்று பெயர் போட்டு சொந்தச் செலவில் ரிக்கார்டு வெளியிட்டார். 'தி நார்மல்' என்பது ஏதோ குழு இல்லை, அவர் ஒருவர்தான். கம்பெனி பெயர் வேண்டுமே என்று 'மியூட்' என்று போட்டார். உறையில் வீட்டு விலாசத்தை அச்சடித்துவிட்டார். அம்மாவோடு குடியிருந்த வீடு!

விளைவு? தன்னைப் போலவே படுக்கையறையில் உட்கார்ந்து சிந்தசைஸரை நோண்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அந்த விலாசத்துக்கு கேசட் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். விளையாட்டுக்கு வைத்த பெயர் நிஜக் கம்பெனி ஆனது. 1980-ல் ஒரு லண்டன் பப்பில் நாலு பொடிப் பையன்கள் வாசித்ததைக் கேட்டு, ஒப்பந்தம் கிப்பந்தம் எதுவும் இல்லாமல் கை குலுக்கியே சேர்த்துக்கொண்டார். அந்தப் பையன்கள்தான் 'டெபஷ் மோட்'. பிற்பாடு ஸ்டேடியங்களை நிரப்பியவர்கள்.

அதே மில்லர் 1980-ல் இன்னொரு குறும்பும் செய்தார். 'சிலிகான் டீன்ஸ்' என்று ஒரு வாலிபர் குழு. நாலு பேருக்கும் பெயர் உண்டு. ஆனால் அந்த நாலு பேரில் ஒருவர்கூட உலகத்தில் கிடையாது. எல்லாமே மில்லர்! நம் ஊர்ப் பத்திரிகையில் கேசியோவுக்கு 'சிரஞ்சீவி' போட்டதில் என்ன தப்பு, சொல்லுங்கள்?

நியூயார்க்கில் இரண்டு ஜான்கள். ஜான் ஃப்ளான்ஸ்பர்க், ஜான் லின்னெல். 'தே மைட் பி ஜயண்ட்ஸ்' என்று பெயர். டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது, டேப்பும் ரிதம் மெஷினும்தான். ஒருவர் வீட்டில் திருட்டுப் போயிற்று, இன்னொருவருக்குக் கை உடைந்தது. மேடை ஏற முடியவில்லை. சரி என்று டெலிபோனுக்குப் பக்கத்தில் ஆன்ஸரிங் மெஷினை வைத்து அதில் தங்கள் பாட்டைப் பதிவு செய்து, பேப்பரில் நம்பரை விளம்பரம் கொடுத்துவிட்டார்கள். நம்பரைச் சுழற்றினால் ஒரு பாட்டு. 'ஆபீஸிலிருந்து போன் செய்தால் இலவசம்' என்பது விளம்பரத்தின் சாராம்சம். ஆபீஸ் உலகத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட சங்கீத வித்வான்கள் வேறு யாரும் இல்லை என்பேன். 1986-ல் ஒரு சின்னக் கம்பெனி அவர்களுடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டது.

ஆனால் ஒன்று. மில்லருக்கும் ஜான்களுக்கும் இருந்த ஒரு சௌகரியம் நம் பையன்களுக்கு இல்லை. அங்கே சினிமாவுக்கு வெளியே பாட்டு என்று ஒன்று உண்டு. கடையில் விற்கும், ரேடியோவில் வரும். இங்கே? 'சொந்தப் பாட்டு' என்று சொன்னால், "எந்தப் படத்துக்கு?" என்பதுதான் அடுத்த கேள்வி.

ஏ.ஆர். ரஹ்மானையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா ஆர்.கே. சேகர் காலமானபோது ஒன்பது வயது. அப்பாவின் வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. பள்ளிக்கூட வயதிலேயே கீபோர்டு வாசிக்கப் போனவர். சிவமணி, ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் என்று நண்பர்களோடு 'ரூட்ஸ்' என்று ஒரு குழு. பிறகு 'நெமிசிஸ் அவென்யூ' என்று ஒரு ராக் குழு. அந்தப் பெயர்களை 1990-ல் தஞ்சாவூரில் யாரிடமாவது சொல்லியிருந்தால், "மெட்ராஸ்ல புது நகரா? ப்ளாட் என்ன விலை?" என்று கேட்டிருப்பார்கள். காபி விளம்பரத்துக்கு மெட்டுப் போட்டுத்தான் மணிரத்னத்தின் காதில் விழ முடிந்தது. 25,000 ரூபாய் சம்பளத்தில் 'ரோஜா'. 1992 ஆகஸ்ட் 15 ரிலீஸ். முதல் படத்துக்கே தேசிய விருது.

இதில் எங்கள் ஜில்லாவுக்கும் ஒரு பங்கு உண்டு, தெரியுமோ? மணிரத்னம் அந்தக் கொல்லைப்புற ஸ்டூடியோவுக்கு வந்தபோது ரஹ்மான் வாசித்துக் காட்டியது, காவிரிப் பிரச்னையை வைத்து ஏற்கெனவே போட்டிருந்த ஒரு மெட்டை என்பது பத்திரிகைகளில் பலமுறை வந்த செய்தி. அதுதான் 'ரோஜா'வில் 'தமிழா தமிழா' ஆனது. 1991 ஜூனில் நடுவர் மன்றம் 205 டி.எம்.சி. விடச் சொல்லி இடைக்காலத் தீர்ப்புக் கொடுத்தது. அந்த வருஷ டிசம்பரில் பெங்களூரில் கலவரம். தண்ணீர் வந்ததோ இல்லையோ, ஒரு பாட்டு வந்தது.

போகட்டும், நம் கல்யாணத்துக்கு வருவோம்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து அம்மாபேட்டையில் இறங்கி, உள்ளே நாலு கிலோமீட்டர் நடந்தேன். வாய்க்காலில் பொட்டுத் தண்ணீர் இல்லை. மேட்டூரை ஜனவரியிலேயே மூடிவிடுவார்கள். வயலில் உளுந்து பறித்து முடிந்த கொடிகள். கோயில் வாசலில் நாலு பெஞ்சைச் சேர்த்துப் போட்ட மேடை.

மேடையில் மாப்பிள்ளை பெரிய கேசியோ. மணப்பெண் ரிதம் பாக்ஸ். ஆனால் விஷயமே மாப்பிள்ளைத் தோழனிடம்தான் இருந்தது. சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த பொம்மை மாதிரி ஒரு குட்டிக் கேசியோ, எஸ்.கே.-1. அதில் ஒரு மைக் உண்டு. அதில் எதையாவது பதிவு செய்தால், ஒன்றரை செகண்டுக்கும் குறைவாகத்தான் பிடிக்கும், பிறகு எந்தக் கட்டையை அமுக்கினாலும் அதே சத்தம் அந்தந்த சுருதியில் வரும். நாய் குரைத்ததைப் பிடித்து நாயையே ஸரிகமபத பாட வைக்கலாம்.

குழுவின் மூளை, அதாவது குட்டிக் கேசியோவை வாசித்தவன், ஒரு தவில்காரர் மகன். பரம்பரைத் தொழிலை விட்டுவிட்டு ஜப்பான் பொம்மையைத் தூக்கிக்கொண்டு அலைகிறான் என்று அப்பா ஆறு மாசமாகப் பேசுவதில்லை. அவர் காலையில் சாதகம் செய்யும்போது ஜன்னலுக்கு வெளியே நின்று பையன் ஒரே ஒரு அடியைத் திருடியிருக்கிறான். கேசட்டில் நான் கேட்ட நெல் மூட்டையும் சுண்டைக்காயும் அந்த ஒரே அடிதான்!

ஒன்பது மணிக்கு ஆரம்பித்தார்கள். கூட்டம் இருபது நாய் உட்பட நூறு. ஒன்றரைப் பாட்டு நன்றாகப் போயிற்று. அப்போது த்ரீ ஃபேஸ் வந்தது. த்ரீ ஃபேஸ் வந்தால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். சுற்றுவட்டாரத்தில் அத்தனை போர்செட் மோட்டாரும் ஒரே சமயத்தில் ஓடும். ட்யூப் லைட் கண் சிமிட்டியது, இழுத்தது, ஊரே இருட்டு. பத்து நிமிஷத்தில் கரண்ட் திரும்பி வந்துவிட்டது. ஆனால் குட்டிக் கேசியோவுக்கு ஞாபக மறதி. கரண்ட் போனால் பிடித்து வைத்த சத்தம் அழிந்துவிடும். பென்சில் செல் போட்டிருந்தால் பிழைத்திருக்கும். அஞ்சு செல் வேண்டும், வாங்கக் காசில்லை.

"இப்ப என்னடா பண்றது?" என்றான் பெரிய கேசியோ.

அப்பா இருந்தது முப்பது அடி தூரத்தில். சாமி புறப்பாட்டுக்காகக் கோயில் திண்ணையில் தவிலோடு உட்கார்ந்திருந்தார். பையன் பொம்மையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான். பின்னாலேயே நானும் போனேன் (பத்திரிகைக்கு டியூ கட்டியவன், எனக்கு உரிமை உண்டு).

பையன் ஒன்றும் சொல்லவில்லை. பொம்மையை அவர் முன்னால் வைத்து மைக்கைக் காட்டினான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது என் அடிதானேடா?"

"ஆமாப்பா."

"கேட்டுட்டு எடுத்திருக்கலாம்ல?"

"குடுத்திருப்பீங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. தொப்பியை இறுக்கி வலது கை விரல்களால் ஒரே ஒரு அடி. திண்ணைத் தூண் வரைக்கும் அதிர்ந்தது. பையன் ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்தான். பேசியது. திரும்பி ஓடினவனை, "இரு" என்றார். "ரெண்டாவது பாட்டுல முடிப்புக்கு வர்ற எடத்துல நிக்காம ஓடுறே. மெஷினுக்கு மூச்சு வாங்க வேணாம். கேக்கிறவனுக்கு வேணும்ல?"

ஆறு மாசத்தில் அவர் மகனிடம் பேசிய முதல் பேச்சு அது. மேடையில் அந்த இடம் வந்தபோது பையன் ரிதம் பாக்ஸை நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி தொடங்கினான். திண்ணையில் ஒரு தலை லேசாக ஆடியதை நான் பார்த்தேன்.

அந்த வேகத்தில் அங்கேயே 500 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். சித்திரையில் எங்கள் மன்ற ஆண்டு விழா. மொத்தம் 1500 பேச்சு.

"சொந்தப் பாட்டு மட்டும்தான் சார் பாடுவோம். சினிமா கேக்கக் கூடாது" என்றார்கள்.

"யாரும் கேக்க மாட்டாங்க. நான் ஆச்சு" என்றேன்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துக்கொண்டால் எனக்கு மரியாதை. ஆனால் நடந்ததைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

ஆண்டு விழாவுக்குப் பையன்கள் புதுச் சட்டையில் வந்தார்கள். குட்டிக் கேசியோவில் புத்தம் புது பென்சில் செல் அஞ்சு. "அப்பா வாங்கிக் குடுத்தாங்க" என்றான், வெட்கப்பட்டுக்கொண்டே. முதல் பாட்டுக்குக் கைதட்டல் சுமார். இரண்டாவதுக்குப் பேச்சு சத்தம். மூன்றாவது பாட்டில் பின் வரிசையிலிருந்து, "யோவ் செக்ரெட்டரி, இதுக்கா மாசா மாசம் சந்தா புடிச்சே?" 'காதலன்' பாட்டு வந்து ஆறேழு மாசம்தான் ஆகிறது. டீக்கடை, பஸ், சலூன் எங்கும் அதுதான். "காதலன் போடுப்பா!" என்று விசில். முன் வரிசையில் மேலதிகாரி வாட்ச்சைப் பார்த்தார். அவர் மனைவி அவரைப் பார்த்தார். ஹெட் கிளார்க் என்னைப் பார்த்தார்.

அடுத்த மாதம் எனக்கு டிரான்ஸ்ஃபர் வருவதாக ஒரு பேச்சு இருந்தது. அதை நிறுத்தி வைக்கிற பேனா அந்த முன் வரிசையில் இருந்தது. வேறு என்ன சொல்ல?

நான் ஒரு துண்டுச் சீட்டை எடுத்தேன். 'காதலன் பாட்டு ஒன்று பாடவும் - நேயர்' என்று எழுதினேன். கையெழுத்தை மாற்றி எழுதினேன். நாலு கை மாறி மேடைக்குப் போயிற்று. பையன் வாங்கிப் படித்தான். பின்னால் திருப்பிப் பார்த்தான். அது எங்கள் மன்றத்து லெட்டர் ஹெட்டைக் கிழித்த காகிதம். செயலாளரின் சீல் பாதி தெரிந்திருக்கும். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது.

கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தான். ஒரு செகண்ட், ஒன்றரை செகண்ட் இருக்கும். பிறகு திரும்பி மற்றவர்களிடம் ஏதோ சொன்னான். பாடினார்கள். கூரை பிய்ந்துகொண்டு போயிற்று. அப்புறம் வரிசையாக எட்டு சினிமாப் பாட்டு. தவில் அடியை ஒரு முறைகூடத் தொடவில்லை.

பாக்கி ஆயிரத்தை எண்ணிக் கொடுத்தபோது, "எல்லாருக்கும் திருப்திதானே சார்?" என்று கேட்டான். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

டிரான்ஸ்ஃபர் நின்றுபோயிற்று.

அடுத்த வருஷம் கமிட்டிகள் எதுவும் கச்சேரி வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மெல்லிசைக் குழுக்களின் ஜாதகத்தை எழுதுவது சரஸ்வதி இல்லை, மேட்டூர் அணை. ஜூன் 12 திறந்தால் குறுவை உண்டு, சம்பா உண்டு, திருவிழா உண்டு, பாட்டுக் கச்சேரி உண்டு. 1995-ல் பயிர் காய்ந்து, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், நடுவர் மன்றம் 11 டி.எம்.சி. என்று சொல்ல, பிரதமர் நரசிம்ம ராவ் தலையிட்டு 6 டி.எம்.சி. என்று ஆயிற்று. ஆறு டி.எம்.சி.யில் எந்தக் கமிட்டி ஆர்க்கெஸ்ட்ரா வைக்கும்? பெரிய கேசியோ வாடகைக் கடைக்குத் திரும்பிற்று. பாடகர் சிங்கப்பூர் போனார். ரிதம் பாக்ஸ் வாசித்தவர் இப்போது அரசு ஊழியர், அதனால் பெயர் வேண்டாம். ஒருவர் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியவில்லை. தவில்காரர் மகன் நீடாமங்கலம் பக்கத்தில் மைக் செட் கடை வைத்தார்.

பின்னாட்களில் ஒவ்வொரு செய்தியைப் படிக்கும்போதும் அந்தப் பத்திரிகை ஞாபகம் வரும். 2003-ல் லண்டனில் மாயா அருள்பிரகாசம் என்ற யாழ்ப்பாணத்துப் பெண், ரோலண்ட் எம்.சி.-505 என்கிற ஒரே ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு 'கலாங்' என்று ஒரு பாட்டுப் போட்டார். அச்சடித்தது 500 ரிக்கார்டு. கிளப்புகளில் கை மாறி மாறி, மறு வருஷமே எக்ஸ்.எல். கம்பெனி கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியது. 2005-ல் 'அருளர்' ஆல்பம், அப்பாவின் இயக்கப் பெயரில். 2007-ல் அம்மா பெயரில் 'கலா'. அதற்குச் சென்னைக்கு வந்து உறுமி மேளத்தைப் பதிவு செய்துகொண்டு போனார். உறுமி! நெல் மூட்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரன்! 2009-ல் ரஹ்மானோடு சேர்ந்து ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் வந்த அன்று நான் ரிட்டயர்மென்ட் வருஷங்களை எண்ணிக்கொண்டு அதே ஆபீஸில்தான் இருந்தேன். 2011-ல் 'ஹிப்ஹாப் தமிழா' பையன்கள் படம் எதுவும் இல்லாமல் ஒரு பாட்டை யூடியூபில் பரவவிட்டபோது, "எந்தப் படம்?" என்று யாரும் கேட்கவில்லை. பதினாறு வருஷ வித்தியாசம். அவ்வளவுதான்.

போன வருஷம் வீட்டைக் காலி செய்தபோது பரணில் அந்தப் பத்திரிகை கிடைத்தது. மஞ்சள் கறுத்திருந்தது. பைக்குள் கேசட் இருந்தது. விசாரித்து நம்பர் பிடித்து மைக் செட் கடைக்குப் போன் செய்தேன். என்னை ஞாபகம் இருந்தது. "செக்ரெட்டரி சாரா? நல்லாருக்கீங்களா சார்?" என்றார். அப்பா காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்றாம்.

"உங்க பாட்டு கேசட்டு என்கிட்ட இருக்கு" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"சார், நாப்பதும் தபால்ல போயிடுச்சு. எங்களுக்குன்னு ஒண்ணுகூட வச்சுக்கல. அப்பா அடிச்சது வேற எதுலயும் கெடையாது."

தங்கை பையன் எங்கிருந்தோ ஒரு கேசட் பிளேயரைப் பிடித்து வந்து, ஃபங்கஸ் துடைத்து, எல்லாவற்றையும் போனில் ஏற்றிக் கொடுத்தான். ஒரு இடத்தில் நாடா கசங்கிக் கீபோர்டு அழுகிறது. தவில் அடி மட்டும் அப்படியே இருக்கிறது. கடைசியில் 'யாரங்கே!'யும் இருக்கிறது. போனிலேயே அனுப்பிவிடலாம் என்றான். அதையும் அனுப்பினோம். ஆனால் கேசட்டையும் பத்திரிகையையும் தஞ்சாவூர் தலைமைத் தபால் நிலையத்துக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். 50 பைசாவுக்கு ஒரு போஸ்ட் கார்டு வாங்கி, கவுண்டர் பலகையில் வைத்தே எழுதினேன். 1995-லேயே எழுத வேண்டியது. பதினைந்து பைசாவோடு முடிந்திருக்கும். பாட்டு நாலும் நன்றாக இருந்தது, இரண்டாவது பாட்டு ரொம்ப நன்றாக இருந்தது, அந்தச் சீட்டு நான் எழுதியது, மன்னிக்கவும். கார்டில் அதற்கு மேல் இடமில்லை.

எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு ஸ்பீட் போஸ்ட் கவுண்டரில் நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் எடை போட்டுவிட்டு, "உள்ள என்ன சார்?" என்று கேட்டார்.

"கல்யாணப் பத்திரிகைம்மா" என்றேன். "ஸ்டாம்ப் சரியா ஒட்டிடுங்க. அவங்க டியூ கட்டக் கூடாது."